மாப்பிள்ளை கேட்ட தண்ணீர் லாரி

பனி இறங்கிய தை மாதத்துக் காலை. பழைய மதராஸ் ரோட்டில் இருந்த என் ஷெட்டின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன். கையில் டீ ஃபிளாஸ்க். ஒன்பது டேங்கர் லாரிகளும் வரிசையாக நிற்கின்றன. பெட்ரோல் வாசனை எனக்குப் பூ வாசனை மாதிரி. வருஷக்கணக்காக அதில்தான் மூச்சு விட்டேன். அன்று அதோடு இன்னொரு வாசனையும் கலந்திருந்தது. துணி கருகும் வாசனை.

கடைசியில் நின்ற நாலாம் நம்பர் வண்டிக்கு அடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன்.

என்ஜினுக்கு நேர் கீழே ஒரு தகர டப்பா. அதற்குள் டீசலில் முக்கிய துணி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் தங்கை புருஷன் ஏழுமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

பெட்ரோல் லாரிக்கு அடியில்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பத்து நிமிஷம் மச்சான். ஆயில் இளகட்டும், கெளம்பிடலாம்."

நான்கு வாரம் முன்பு இதே பக்கத்தில், அந்த நெருப்பு பேட்டரி ஒயரிலிருந்து பிடித்தது என்று எழுதினேன். இரண்டு தடவை நெருப்பை ஓட்டிக்கொண்டு போன வீரர் என்று அவரைப் புகழ்ந்தேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். ஒரு அம்மா தன் பேரனுக்கு அதைப் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார்.

அந்த வாரம் என் தங்கை சகுந்தலா போன் செய்தாள். அவள் என்னோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ஒயருன்னு எழுதியிருக்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.

வைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்த வாரம் மறுபடியும் அந்த ஷெட்டுக்குள் போகிறேன்.

மூன்றாம் வகுப்பும் ஒன்பது லாரியும்

புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரே அறை வீட்டில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். லாரி கழுவினேன். கிளீனராக ஏறினேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அப்புறம் அந்த லாரியையே வாங்கினேன். நாற்பது வயதுக்குள் என் பெயர் எழுதிய டேங்கர் லாரிகள் ஒன்பது. கூடவே தண்ணீர் லாரி இரண்டு. ஊர் அப்போது நாலாபக்கமும் லேஅவுட் லேஅவுட்டாகப் பெருகிக்கொண்டிருந்தது. வீடு வரும், குழாய் வராது. தண்ணீர் லாரிக்கு ஜனங்கள் குடத்தோடு காத்திருப்பார்கள்.

இன்றைக்கு எம்.பி.ஏ. படித்த பையன்கள் என் ஆபீஸுக்கு வந்து, எப்படி சார் இதைச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். இந்தத் தொடரையும் நானேதான் எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் பத்திரிகை ஆபீஸில் இருப்பவர்கள் திருத்துவார்கள். விஷயம் முழுக்க என்னுடையது.

டேங்கர் தொழிலில் முதல் பாடம் பயம். எண்ணெய் டிப்போ கேட்டில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். வண்டியை நிறுத்தியதும் என்ஜினை அணைக்க வேண்டும். இன்னொரு பாடம், வெளியாட்களுக்குத் தெரியாதது: நிறைந்த டேங்கரைவிடக் காலி டேங்கர் மோசம். நிறைந்தது எரியும். காலியானது வெடிக்கும். காலி என்று நாம் சொல்கிறோமே தவிர, உள்ளே முழுக்க ஆவி.

ராத்திரி ஷெட்டில் நிற்கிற டேங்கர் எல்லாம் காலி டேங்கர்தான்.

மலைமேல் என்ன நடந்தது

ஏழுமலை என் தங்கையைக் கட்டும்போதே ராணுவத்தில் டிரைவர். வாணியம்பாடிப் பக்கத்து ஆள். அதிகம் பேசமாட்டார். வருஷத்தில் இரண்டு மாசம் லீவில் வந்து மர்பி டவுனில் தங்கையோடு இருப்பார். விடிகாலையில் எழுந்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். ஆம்பிளை வாசல் தெளிக்கிறான் என்று தெருவில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

வடக்கே மலைமேல் சண்டை நடந்த அந்தக் கோடையில் அவர் எண்ணெய் வண்டி ஓட்டினார். மேலே இருக்கும் படைக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பீப்பாயில் போகும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எதிரி மேலே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் குண்டு பக்கத்தில் விழுந்து, சிதறிய இரும்பு அவர் வண்டியின் பீப்பாயைத் துளைத்தது. தார்ப்பாய் பற்றிக்கொண்டது. வண்டி நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் பீரங்கிக் குண்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல் படுத்திருந்தார்கள். மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். இவர் மட்டும் ஏறினார். எரியும் வண்டியை ஆற்றுச் சரிவு வரை ஓட்டிப் போய், கியரில் விட்டுவிட்டுக் குதித்தார். இடது காது அன்றோடு போனது. தலைமுடி கருகிப் பாதிதான் மறுபடி முளைத்தது.

பதக்கம் கொடுத்தார்கள். டெல்லியிலிருந்து கடிதம் வந்தபோது சகுந்தலா முதலில் என் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள்.

இதையெல்லாம் அவர் மூன்று வாக்கியத்தில் சொல்வார். நான் அரை மணி நேரம் சொல்வேன். கல்யாண வீட்டில், லாரி ஓனர்கள் கூட்டத்தில், பேங்க் மேனேஜரிடம். என் மாப்பிள்ளை, என் தங்கை புருஷன் என்று.

தானாக அவர் பேசியது ஒன்றைப் பற்றித்தான். அந்த ஊர்க் குளிர். டீசல் கூழாகிவிடுமாம். என்ஜின் ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறுகிவிடுமாம். அதனால் விடிவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரும் தன் வண்டிக்கு அடியில் ஒரு தகரத்தில் நெருப்பு வைப்பானாம். கால் மணி நேரம் காத்திருந்தால் என்ஜின் இளகும், அப்புறம் சாவி போட்டால் கிளம்பும்.

"அம்பது வண்டி நிக்கும் மச்சான். அம்பது வண்டிக்கு அடியிலயும் நெருப்பு. தூரத்துல இருந்து பாத்தா கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும்."

"எண்ணெ வண்டிக்கு அடியிலயுமா?"

"எண்ணெ வண்டின்னா குளிராதா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

படம் ஒட்டிய லாரி

சண்டை முடிந்து அடுத்த வருஷம் அவருடைய சர்வீஸும் முடிந்தது. மர்பி டவுனுக்கே வந்துவிட்டார். மறுவாரமே அவரை என் ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பல வருஷம் முன்பு காவிரித் தண்ணீருக்காக இந்த ஊரில் கலவரம் நடந்தபோது என் லாரி ஒன்று ரோட்டில் எரிந்தது. தமிழ்நாட்டு நம்பர் பிளேட். டிரைவர் சாக்கடைக்குள் படுத்துத் தப்பித்தான். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். கன்னடத்தில் சண்டை போடுவேன், கன்னடத்தில் கனவும் காண்பேன். ஆனாலும் அன்று என் லாரி எரிந்தது. அந்த எலும்புக்கூட்டை இழுத்து வந்து ஷெட் மூலையில் ஒரு வருஷம் வைத்திருந்தேன். தினமும் பார்க்க வேண்டும் என்று.

அதனால் ஏழுமலை வந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கெட்டிக்கார யோசனை என்று அன்று நினைத்தேன். நாலாம் நம்பர் வண்டியின் நெற்றியில் அவர் படத்தை வரையச் சொன்னேன். ராணுவத் தொப்பி, மார்பில் பதக்கம், பக்கத்தில் தேசியக் கொடி. கீழே கன்னடத்திலும் தமிழிலும், நாட்டுக்காக நெருப்பை ஓட்டியவர் ஓட்டும் வண்டி என்று எழுத்து. இந்த வண்டியை எவன் தொடுவான்?

யாரும் தொடவில்லை. மறுபடி ஊரில் பதற்றம் வந்து நாலைந்து நாள் கடையெல்லாம் மூடிக் கிடந்த சமயத்தில், மற்றவர்களின் லாரிகள் ஷெட்டை விட்டு நகரவில்லை. நாலாம் நம்பர் மட்டும் ஓடியது. ஒரு சர்க்கிளில் கையில் கம்போடு நின்ற கும்பல் வண்டியை மறித்தது. படத்தைப் பார்த்தது. சீட்டில் அதே ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. ஒருவன் சல்யூட் அடித்தான். வழிவிட்டார்கள்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. வெறும் படம் போதாது. படத்தில் இருக்கிற ஆள் சீட்டில் இருக்க வேண்டும்.

அவர் கேட்டது

முதலில் அவர் கேட்டது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசத்தில். ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், எனக்குத் தண்ணி லாரி குடுங்க."

"எதுக்கு?"

"பெட்ரோல் வேணாம். தண்ணி லாரி ஓட்டறேன்."

"என்ன மாப்ளே, பதக்கம் வாங்கின ஆளு போயி லேஅவுட் பொம்பளைங்க கொடத்துக்குத் தண்ணி புடிச்சு ஊத்துவீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் டீக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது தடவை என் ஆபீஸ் அறைக்கே வந்தார். அந்தக் கும்பல் சல்யூட் அடித்து அனுப்பிய பிறகு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பகல்ல ஒண்ணும் இல்ல மச்சான். ரோடு, வண்டி, டிப்போ, எல்லாம் சரியா இருக்கும். விடிகாலையிலதான். குளுருல எழுந்து வண்டிகிட்ட வந்து நின்னா, இது எந்த ஊருன்னு தெரிய மாட்டேங்குது."

"பெங்களூரு."

"அது எனக்கு வெயில் வந்தப்புறம்தான் தெரியுது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்? என்னிடம் தண்ணீர் லாரி இரண்டு இருந்தன. ஒரு சாவியை எடுத்து நீட்டியிருந்தால் போதும். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ராணுவத்தில் பழகிய உடம்பு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும், நன்றாகத் தூங்குங்கள் என்றேன். அவரை இறக்கினால் நாலாம் நம்பரின் நெற்றியில் இருக்கும் படம் வெறும் பெயின்ட் ஆகிவிடும் என்பதுதான் என் மண்டையில் ஓடியது.

"சரிங்க மச்சான்" என்றார். ராணுவத்துக்காரர். மேலே இருக்கிறவன் முடியாது என்றால் முடியாதுதான்.

எங்கள் மெக்கானிக் ரஹீம் பாய் மட்டும் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிவாஜி நகர்க்காரர். என்னோடு கிளீனராக இருந்த காலத்திலிருந்து பழக்கம். முதலாளி என்று என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"அரே, அந்த ஆளு கண்ணப் பாத்தியா நீ? காலைல வண்டிய சுத்திச் சுத்தி வர்றாரு. எதையோ தேடறாரு. கேட்டா, தகரம் எங்கன்னு கேக்கறாரு."

"எந்தத் தகரம்?"

"எனக்கென்னா தெரியும். உன் மாப்பிள்ள, நீ கேளு."

நான் கேட்கவில்லை. எந்தத் தகரம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கால்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

முந்தின நாள் நாலாம் நம்பர் பெட்ரோலை இறக்கிவிட்டு வந்திருந்தது. காலி. பின்னால் குழாய் வால்வில் லேசான கசிவு. ரஹீம் பாய் காலையில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ராத்திரி முழுக்கச் சொட்டி வால்வுக்குக் கீழே மண் ஊறிக் கிடந்தது.

தகரம் இருந்தது முன்பக்கம், என்ஜினுக்குக் கீழே. சின்ன நெருப்பு. சொல்லப்போனால் அடக்கமான நெருப்பு. சுற்றிலும் செங்கல் வைத்து, காற்று அடிக்காமல் பக்குவமாகத்தான் மூட்டியிருந்தார். பத்தடியில் தூணில் சிவப்பு வாளி தொங்கியது. உள்ளே மணல். ஒரு வாளி மணலை அதன்மேல் கவிழ்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். வாளியை அங்கே மாட்டியவனே நான்தான். புதிதாக வரும் டிரைவர்களுக்கு மணல் போடுவது எப்படி என்று காட்டுகிறவனும் நான்தான்.

எனக்கு வாளி கண்ணில் படவில்லை. மூலையில் ஒரு வருஷம் வைத்திருந்த அந்த எலும்புக்கூடுதான் கண்ணில் வந்தது. கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் என் காலைப் பார்த்தார். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒதைக்காதீங்க மச்சான்" என்றார். நிதானமாகத்தான் சொன்னார்.

உதைத்தேன்.

தகரம் கவிழ்ந்தது. எரியும் துணி வண்டிக்கு அடியில் உருண்டு பின்னால் போனது. கூடவே டீசல் ஒரு கோடு போல எரிந்துகொண்டு ஓடியது. வால்வுக்குக் கீழே இருந்த மண்ணைத் தொட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. போர்வையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரம் வரை நெருப்பு நின்றது.

ஷெட்டுக்குப் பின்னால் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கூரை வீடுகள். ஷெட்டுக்குள் இன்னும் எட்டு காலி டேங்கர். வெடிக்கிற சங்கதி எது, எரிகிற சங்கதி எது என்று கொஞ்சம் முன்னால் உங்களுக்குப் பாடம் எடுத்தேன். அத்தனை பாடமும் தெரிந்த நான் கேட்டை நோக்கி ஓடினேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது இது.

ஏழுமலை சீட்டில் ஏறினார். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. அவ்வளவு குளிரில் அந்தப் பழைய வண்டி அப்படிக் கிளம்பி நான் பார்த்ததில்லை. என்ஜின் இளகியிருந்தது.

என்னைக் கடந்துதான் போனார். முகத்தில் பயமோ அவசரமோ இல்லை. ரோட்டைத் தாண்டி, இரண்டு ஃபர்லாங்கு தூரத்தில் இருந்த காய்ந்த ஏரிக்குள் வண்டியை இறக்கினார். அந்த ஏரியும் இன்று லேஅவுட் ஆகிவிட்டது. கரையில் நின்றபோது வெடிச் சத்தத்தை நான் காதில் கேட்கவில்லை, நெஞ்சில்தான் வாங்கினேன். காகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன.

அவர் குதித்திருந்தார். கொஞ்சம் தாமதமாக.

வார்டில்

பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு. கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே வரை கட்டு. முகத்தில் வலது பக்கம் இல்லை என்றே சொல்லலாம். மருந்து வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருக்கும். அது போக மூன்று நாள் குளித்தேன்.

சகுந்தலா வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். "பெங்கி ஹேகெ ஹத்திது?" என்று கேட்டார். நெருப்பு எப்படிப் பிடித்தது.

"பேட்டரி ஒயர் சார்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

தகரம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால், இந்த ஆள் தனக்கு முடியவில்லை என்று உன்னிடம் சொன்னாரா என்று கேட்பார்கள். பெட்ரோல் ஏற்ற எனக்கு இருந்த லைசென்ஸ் போய்விடும். அப்புறம் என் கால். ரஹீம் பாய் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கேட்டுக்கு உள்ளே அவர் காலை வைத்தபோதுதான் நான் உதைத்தேன். அவர் தரையைப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்ப வேலைக்கு வரவில்லை.

மறுநாள் பேப்பரில் ஏழுமலை மறுபடி வீரர். மலைமேல் ஒரு தடவை, மாநகரத்தில் ஒரு தடவை. படத்தை நான்தான் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவருக்குப் பேச வந்தது. வலைக்கு வெளியே குனிந்து சொன்னேன்.

"ஒயருன்னு சொல்லிட்டேன் மாப்ளே. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

உதடு அசைய நேரமானது. "தகரம்னு சொல்லுங்க மச்சான்."

"கேஸ் ஆகும்."

"ஆவட்டும். அப்பத்தான் என் லைசென்ஸப் புடுங்குவாங்க. எவனும் என்ன வண்டியில ஏத்த மாட்டான்."

அப்போதும் அவர் கேட்டது அதைத்தான். பெட்ரோலிலிருந்து தன்னை யாராவது இறக்கிவிட வேண்டும். நான் இறக்கிவிடாததால் போலீஸாவது இறக்கிவிடட்டும் என்று. கை சரியாகிவிட்டால் நான் மறுபடி நாலாம் நம்பரை வாங்கி, அதே படத்தை வரைந்து, அவரை ஏற்றி உட்கார வைப்பேன் என்று பயந்திருக்கிறார். நியாயமான பயம்தான். அப்படி ஒரு யோசனை எனக்கு இருந்தது.

மேடை

ஆறு மாசம் கழித்து அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. ஏற்பாடு நான்தான். நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். சால்வை போர்த்தினால் அவரால் பிடிக்க முடியாது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கை இரண்டும் முறம் மாதிரி இருந்தன. அதனால் சால்வைக்கு ஊக்கு குத்தினார்கள்.

அவரைப் பேசச் சொல்ல வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லியிருந்தேன். கூட்டம் கேட்டது. அவரே எழுந்து மைக்குக்குப் போனார்.

"நெருப்பு வச்சது நான்தான்" என்றார்.

கூட்டத்தைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"ஒயர் இல்ல. தகரத்துல நான் வச்சேன். எந்த ஊர்ல இருக்கேன்னு தெரியாம வச்சுட்டேன். என்னைப் பாராட்டாதீங்க. இனிமே எனக்கு வண்டி குடுக்காதீங்க."

என் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடையில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த நிமிஷம் நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் லைசென்ஸுக்கும் பெரிய ஆபத்து வந்திருக்காது. ஆனால் எழுந்தேன். அவர் தோளில் கை போட்டு மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் மனசு சரியாவல. மருந்து சாப்பிடறாரு. நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது."

ஜனங்கள் கைதட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அவர் அந்த முறம் மாதிரிக் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்தில் சகுந்தலா எழுந்து வெளியே போவதை மேடையிலிருந்து பார்த்தேன்.

ஒரு மனுஷன் வாழ்க்கையில் சொன்ன பெரிய உண்மையைப் பைத்தியத்தின் பேச்சு ஆக்குவதற்கு எனக்கு மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது. மர்பி டவுன் தெருவில் அதற்கப்புறம் அவரை யாரும் வீரர் என்று சொல்லவில்லை, குற்றவாளி என்றும் சொல்லவில்லை. பாவம், மூளை கலங்கிடுச்சு என்றார்கள். அவர் யாரிடம் என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கொஞ்ச நாளில் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கை கடைசி வரை மூடவில்லை. வண்டி ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆறேழு வருஷம் இருந்தார். மஞ்சள் காமாலையில் போனார். ராணுவத்திலிருந்து நாலு பேர் கொடியோடு வந்தார்கள். நான் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், "இனி வராத ண்ணா" என்றாள் சகுந்தலா. போகவில்லை.

படித்துக் காட்டினேன்

இதை எழுதி முடித்ததும் பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு மர்பி டவுன் போனேன். கதவைத் திறந்தவள் என்னையும் பார்த்தாள், தாளையும் பார்த்தாள். உள்ளே போய் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். டீ எல்லாம் கொடுக்கவில்லை.

"படி" என்றாள்.

படித்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது. முக்கால் மணி நேரம் ஆனது. அவள் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள். தகரத்தை உதைத்த இடம் வந்ததும் தாளைக் கீழே இறக்கினேன்.

"தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. அண்ணங்கிட்ட கேக்காத, அவரே பயந்துதான் ஒதைச்சாருன்னாரு. மேல படி."

கேட்டை நோக்கி ஓடிய இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது அவளுக்குப் புதிது. மேடையைப் படித்தபோது அரிசியில் கை ஓடவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஒண்ண விட்டுட்ட."

"எத?"

"நானும் கேட்டேன். நெருப்பு புடிச்சதுக்கு மொத வாரம். பொங்கலுக்கு மறுநாள் உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். நீ ஷேவ் பண்ணிக்கிட்டிருந்த. தெனமும் வண்டி எடுக்கப் போறதுக்கு முன்னாடி வாசப்படியில ஒக்காந்து அழுவுறாரு ண்ணா, தண்ணி லாரி குடு, இல்லன்னா வூட்லயே இருக்கட்டும்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கண்ணாடியப் பாத்துக்கிட்டே சொன்ன. அழுதா அழுவட்டும், வண்டி கெளம்புதா இல்லியான்னு."

யோசித்துப் பார்த்தேன். வாசல் ஞாபகம் வந்தது. கண்ணாடி ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் ஓட்டிய லாரியின் நம்பர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவள் வந்து நின்றது இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லியேம்மா."

"எனக்கு இருக்கு" என்றாள். "எழுதிக்கோ."

தாளைத் தொடையில் வைத்து, அவள் சொல்லச் சொல்ல, அங்கேயே எழுதினேன்.